நகக்கண்ணில் மருதாணி

உங்கள் வீட்டில் யாராவது விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போகிறது என்று சொன்னால், சும்மா கிட என்று தள்ளிவிடாதீர்கள். ஒருதரம் அந்தக் கையைப் பிடித்துப் பாருங்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துப் பார்க்க ஆட்கள் இருந்தார்கள். பிடித்துப் பார்த்த ஆளே பாசம் பொறுக்காமல் அதை மூடியும் வைத்தாள். அந்தக் கூத்தும் இதில் வரும்.

எனக்குப் பிறந்த ஊர் ராமகுப்பம் பக்கம். சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் பட்டுப்புழுவுக்கு இலை பறித்துப் போட்ட கூலியில்தான் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தேன். கல்யாணமாகிச் சித்தூர் வந்தபோது ஊரைச் சுற்றி மாம்பழக் கூழ் ஃபாக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. நம் ஊர்ப் பழம் கூழாகிக் கப்பலேறி அரபு நாட்டுக்குப் போகிறது என்று ஜனங்கள் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். கூழோடு சேர்ந்து பிள்ளைகளும் அந்தப் பக்கம் போனார்கள். அவ்வளவு தூரம் போக வகையில்லாதவர்கள் பெங்களூர் போனார்கள். என் வீட்டுக்காரர் முனிரத்தினம் இரண்டாவது ரகம். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. பதினைந்து நாளைக்கு ஒருதரம் வருவார், வந்ததும் எங்கள் வாடகை வீட்டுச் சிமென்ட் தரையைப் பார்த்து முகம் சுளிப்பார். ஊரான் வீட்டுத் தரையெல்லாம் மினுக்குகிறாயே, இதையும் மினுக்கேன் என்றால் காதில் விழாது.

நான் ஃபாக்டரியில் முதலில் பழம் அறுக்கும் வரிசையில் இருந்தேன். பிறகு கோல்டு ரூமுக்கு மாற்றினார்கள். உறையவைத்த கூழை அடுக்குகிற அறை. அங்கேதான் ஆரம்பித்தது. உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் விரல்கள் நடுக்கணுவரை வெள்ளையாகிவிடும். தொட்டால் எனக்கே யாரோ ஒருத்தி விரலைத் தொடுவது மாதிரி இருக்கும். அப்புறம் நீலம் பாயும். வெளியே வெயிலுக்கு வந்து நின்றால் சிவந்து, மிளகாய் அரைத்த கை மாதிரி எரியும். மூன்று கலர் காட்டுகிறாள் பார் என்று கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த சீசனில் வீட்டில் பச்சைத் தண்ணீரில் பாத்திரம் தேய்த்தாலே வெளுத்தது.

அப்புறம் வலது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சின்னப் புண் வந்தது. நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் மாட்டிக்கொண்டேன். பழம் வாடியது, புண் வாடவில்லை. ஓரத்தில் கருப்புத் தட்டியது. ஃபாக்டரியில் என் டம்ளரை யாரோ தனியாக எடுத்து வைத்தார்கள். பெருநோய் என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, டம்ளர் சொன்னது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

சித்தூரில் ஒரு டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஊசியால் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். முதல் வார்த்தையாகப் பெருநோய் இல்லை என்றார். அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் என்னை ஆட்டிவைத்தது. இது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று, குளிர் பட்டால் விரலில் இருக்கிற ரத்தக் குழாய்கள் தேவைக்கு மேல் இறுகிக்கொள்வது. கையைச் சூடாக வைத்துக்கொண்டால் காலம் தள்ளிவிடலாம். இன்னொன்று, ஸ்க்ளீரோடெர்மா என்கிற நோயின் முதல் அறிகுறி. தோல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, விரல் மடங்கி நின்றுவிடும். சிலருக்கு நுரையீரல்வரை போகும். எது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது, திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் அந்தக் குழாய்களையே பார்க்கிறார்கள், போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். சின்னதா, பெரியதா? அந்தக் கேள்வியோடு நான் சோறாக்கினேன், தூங்கினேன், மகள் ஹேமாவுக்குத் தலை பின்னினேன்.

அந்தச் சமயத்தில்தான் கோமளா வந்தாள். கோமளா என் நாத்தனார். நான் கல்யாணமாகி வந்தபோது பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். மாமனார் மாமியார் இருவரும் இல்லை, அதனால் அவளுக்குத் தாய்வீடு, அண்ணன் வீடு எல்லாம் எங்கள் வீடுதான். அந்த மாசியில்தான் பலமனேரில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். எங்கள் ஆடி பிறப்பதற்கு முன்னாலேயே அவர்களுக்கு ஆஷாடம் பிறந்துவிடும். முதல் ஆஷாடத்தில் புது மருமகளும் மாமியாரும் ஒரே வாசல்படியைத் தாண்டக் கூடாதாம். ஆகவே பெட்டியோடு எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். ஆஷாடத்தில் பெண்கள் கட்டாயம் மருதாணி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர்கள் வழக்கம். கோரிண்டாகு என்பார்கள். ஆந்திராவில் இருந்து இருந்து எங்கள் தெருத் தமிழ்ப் பெண்களும் அதைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நாளாகிறது. ஆனால் கோமளாவுக்குப் புகுந்த வீட்டு உற்சாகம். கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

நான் வேண்டாம் என்றேன். நாளைக் காலையில் திருப்பதி பஸ் ஏற வேண்டும், இதில் இது எதற்கு என்றேன். அவள் என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "பஸ்ல ஒக்காந்துக்கினு போவும்போது எல்லாரும் ஒன் வெரலையே பாப்பாங்க அண்ணி. செவப்பா இருந்தா எவ கேக்கப் போறா?" என்றாள்.

கையைக் கொடுத்தேன். டம்ளர் விஷயம் அவளுக்குத் தெரியும். புண் இருந்த விரலை மட்டும் விட்டுவிட்டு, மற்ற ஒன்பதுக்கும் நகத்தை மூடி, நகத்துக்குப் பின்னால் தோல் தொடங்குகிற இடத்தையும் மூடி, தடிமனாகத் தொப்பி வைத்தாள். விரல் நுனி முழுக்க அப்புவதைத்தான் தொப்பி என்போம். காலையில் கழுவிப் பார்த்தால் ரத்தச் சிவப்பு. ஹேமாவின் தொப்பியைவிட என்னுடையது நன்றாகப் பிடித்துவிட்டது என்று அவளுக்கு என்மேல் கோபம். அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் கோமளாவும் பஸ் ஏறினோம். பஸ் நிறைய கோவிந்தா போடுகிறவர்கள். கோமளா சொன்னது சரி, என் கையை ஒருவரும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டோக்கனும் நீளமான பெஞ்சும் கிடைத்தன. என் பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றிருந்தன. முகத்துத் தோல் இழுத்துக் கட்டியது மாதிரி பளபளவென்று இருந்தது, வாய் சின்னதாகியிருந்தது. நல்ல மனுஷி. கூடையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்து, உரிக்க முடியாமல் என்னிடம் கொடுத்து, உரித்து நீயும் பாதி தின்னு என்றார். எனக்கும் முதலில் வெள்ளையாகத்தான் ஆனது, யாரும் பார்க்கவில்லை என்று தெலுங்கில் சொன்னார். அந்தப் பாதிப் பழத்தைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே ஒரு சின்ன டாக்டரம்மா இருந்தார். மேல்படிப்புக்காகத் தோலில் ஓடுகிற நுண்ணிய ரத்தக் குழாய்களை ஆராய்கிறாராம். என்னைப் போல வருகிறவர்களின் நகக்கண்ணைப் படம் எடுத்துச் சேர்க்கிறார், அதனால் இந்தச் சோதனைக்கு மட்டும் பில் கிடையாது. தெலுங்கர்தான், ஆனால் எங்கள் பக்கத்துத் தமிழ் நன்றாக வந்தது. தோலுக்குச் சோறு போடுகிறவை தலைமுடியைவிட மெல்லிய குழாய்கள் என்றார். தந்துகி என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது. உடம்பில் மற்ற இடங்களில் அவை நம்மைப் பார்த்து நிற்பதால் முனை மட்டும் புள்ளியாகத் தெரியும். நகத்துக்குப் பின்னால் இருக்கிற தோல் விளிம்பில், அந்த நகக்கண்ணில் மட்டும் படுத்துக் கிடக்கின்றன. அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்ஸ் வைத்தால் தோலை வெட்டாமல் குத்தாமல் முழுசாகப் பார்த்துவிடலாம். நல்ல கை என்றால் கொண்டை ஊசிகளை வரிசையாக அடுக்கினது மாதிரி இருக்கும். தோல் இறுகுகிற அந்தப் பெரிய நோய் என்றால் சிலது வீங்கியிருக்கும், சிலது இல்லாமலே போயிருக்கும்.

எண்ணெய் விட்டார். லென்ஸில் பார்த்தார். அடுத்த விரல். அதற்கடுத்த விரல். புண் இருக்கிற விரலையும் பார்த்தார், அதன் விளிம்பு கெட்டுப்போயிருந்ததால் பயனில்லை. கடைசியில் நிமிர்ந்து, கோரிண்டாகு எவரு பெட்டாரு என்று கேட்டார். மருதாணி யார் வைத்தது என்று அர்த்தம்.

கோமளா முகமெல்லாம் மலர்ந்து முன்னால் வந்தாள். "நேனே மேடம். பாக பண்டிந்தி கதா?" என்றாள். நான்தான் மேடம், நன்றாகச் சிவந்திருக்கிறது இல்லையா என்கிறாள்!

டாக்டரம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். நெயில் பாலிஷ் என்றால் துடைத்துவிடுவேன் அம்மா, இது தோலோடு ஊறிவிட்டது, எந்த இடத்தின் வழியாகப் பார்க்க வேண்டுமோ அந்த இடத்தையே சிவப்பாக்கி வைத்திருக்கிறீர்களே என்றார். அந்தத் தோல் உரிந்து புதுத்தோல் வரும்வரை ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரம் ஆகும். கோமளா தன் சிவந்த விரல்களைச் சேலைத் தலைப்பில் சுருட்டி மறைத்துக்கொண்டாள்.

பெரிய டாக்டர் வந்து கருத்த நுனியைப் பார்த்தார். புண்ணுக்கு ரத்தம் போகவில்லை, வீட்டுக்கு அனுப்பினால் விரலை எடுக்க வேண்டிவரலாம் என்று அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். குழாயை விரிக்கிற மருந்தை டிரிப்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அது ஏறும்போது முகம் ஜிவுஜிவு என்று சிவக்கும், தலை இடிக்கும். சோதனைகளும் தொடர்ந்தன. ஒரு நாள் குழாயில் வாய்வைத்து ஊதச் சொன்னார்கள், நுரையீரல் எவ்வளவு விரிகிறது என்று பார்க்க. இன்னொரு நாள் ரத்தம் எடுத்தார்கள், உடம்பு தன்னையே எதிர்த்துச் சண்டை போடுகிறதா என்று அதில் தெரியுமாம். முடிவு வர நாளாகும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் நாளாகும். காத்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

கோமளா வெளியே போய் உப்பும் எலுமிச்சையும் சோடா உப்பும் வாங்கி வந்தாள். மருதாணியைத் தேய்த்தே எடுத்துவிடுவதாகத் திட்டம். டாக்டரம்மா பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார். தோல் கெட்டால் இன்னும் மோசம், வெதுவெதுப்பான தண்ணீரும் தேங்காயெண்ணெயும் மட்டும் போடு என்றார். அன்றுமுதல் தினமும் மத்தியானம் என் கட்டில் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியால் துடைப்பாள். சிவப்பு குறைந்ததோ இல்லையோ, எனக்கு அந்த நேரத்தில்தான் வலி குறையும். அவள் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் ஆஸ்பத்திரி வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். ஒருநாள் துடைத்துக்கொண்டே இருந்தவள் குனிந்தபடியே சொன்னாள்.

"அண்ணி, கையி போச்சுன்னா என்னாலதான் போச்சு."

"போனா போவுது. நீ கீற இல்ல, ஊட்டி வுடு," என்றேன்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் பயம்தான். ஆனால் அவளை அழ விடுவதற்கு எனக்கு மனசில்லை. நான் தலை பின்னிவிட்ட பெண்.

வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, ஹேமாவைப் பக்கத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி பக்கத்தில் இடம் கிடைக்காமல் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் தங்கி, காலையில் ஷேர் ஆட்டோவில் வருவார். ஒரு கையில் வெந்நீர் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் ரசம் சாதம். கையுறை வாங்கி வருகிறேன் என்று போனவருக்குத் திருப்பதி வெயிலில் கையுறை எங்கே கிடைக்கும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுகிற வெள்ளை சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்கி வந்து, டிரிப் ஏறாத கையில் மாட்டிவிட்டார். வார்டே சிரித்தது. மருந்துக் கடைச் சீட்டு வரும்போதெல்லாம் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒண்ணுமில்லை, சத்து மாத்திரை என்பார். சத்து மாத்திரைக்காக யாராவது எஸ்டிடி பூத்தில் நின்று மேஸ்திரியிடம் அட்வான்ஸ் கேட்பார்களா? கோமளா பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லிவிட்டாள். நான் அவரிடம் கேட்கவில்லை. பொய் சொல்வதற்கு அவருக்கு அந்த ஒரு இடமாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தோல் மெல்ல உரிந்தது. நகத்தில் சிவப்பு தங்கிவிட்டது, நகக்கண்ணில் சாயம் போனது. டாக்டரம்மா தினமும் வந்து பார்ப்பார். ஒருநாள் சரி, வாருங்கள் என்றார்.

அந்த அறையில் மெஷினுக்காக ஏசி ஓடும். எனக்கு ஏசி பட்டால் விரல் வெளுத்துவிடும். டாக்டரம்மா ஏசியை நிறுத்திவிட்டு, என் கை சூடேறும்வரை கோட்டைக்கூடக் கழற்றாமல் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார். அப்புறம் எண்ணெய் விட்டு, லென்ஸை வைத்து, பக்கத்தில் இருந்த சின்ன டிவியைத் திருப்பிக் காட்டினார். என் விரலுக்குள் ரத்தம் போவதை நானே பார்த்தேன். பயத்தையும் மீறி அது அழகாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். வேலைக்காரர் கண் சும்மா இருக்குமா?

"இங்க நடுவுல காலியா கீதே மேடம். ரெண்டு டைல்ஸ் வுட்டுப் போன மாரி," என்றார்.

டாக்டரம்மா லென்ஸைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவர் கண்டுபிடித்தது சரிதான் அம்மா என்றார். சில இடத்தில் குழாய்கள் இல்லை, சிலது வீங்கியிருக்கின்றன. ரத்தச் சோதனையும் அதையே சொல்கிறது. இது அந்தப் பெரிய நோய்தான். ஆனால் வாசலிலேயே பிடித்துவிட்டோம். நுரையீரல் நன்றாக இருக்கிறது, தோல் இன்னும் இறுகவில்லை. மாத்திரை உண்டு, சூடு உண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் இந்த நகக்கண்ணைப் பார்க்க வேண்டும். அது மாறினால் எனக்கு முதலில் தெரிந்துவிடும், தெரிந்தால் ஏதாவது செய்யலாம் என்றார்.

நான் அழுதேன். வெட்கப்படாமல் சத்தமாகவே அழுதேன். சின்னதாக இருக்க வேண்டும் என்று அத்தனை நாளும் அலமேலுமங்கையை வேண்டிக்கொண்டிருந்தவள் நான். வீட்டுக்காரர் சிமென்ட் தின்ற தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் என் கையை வைத்து மூடிக்கொண்டார். கோமளா அறை வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

விரல் தப்பியது. நுனியில் கருத்த இடம் காய்ந்து உதிர்ந்தது. அரிசி அளவு குறைந்திருக்கிறது, நான் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். ஃபாக்டரியில், பெருநோய் இல்லை, குளிர்தான் ஆகாது என்று சித்தூர் டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டினேன். கோல்டு ரூமிலிருந்து எடுத்து, பழம் பழுக்கவைக்கிற ஷெட்டில் போட்டார்கள். வைக்கோல் சூடு என் கைக்கு இதமாக இருக்கிறது. தனி டம்ளர் காணாமல் போய்விட்டது. வீட்டுக்காரர் ஒரு தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து மிச்சம் மீதி டைல்ஸ் கொண்டுவந்து, தரை ஜில்லென்று ஆகிவிடும் என்று நான் சொன்னதும் அப்படியே மூட்டையோடு வைத்துவிட்டார். இன்றைக்கும் மூலையில் இருக்கிறது. மாத்திரையால் சில நாள் தலை வலிக்கும், விரல் இன்னும் வெளுக்கும். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த அறையில் எண்ணெய் விடும்போது எனக்கு மூச்சு நின்றுதான் வரும். இதுவரை மாறவில்லை என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள்.

மறு ஆஷாடத்துக்கு வர வேண்டிய கட்டாயம் கோமளாவுக்கு இல்லை. இருந்தும் கைக்குழந்தையோடு நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தாள். வந்தவள் மருதாணி பறித்து அரைத்தாள். எனக்கு வேண்டாம், அடுத்த வாரம் திருப்பதி போக வேண்டும் என்றேன். உள்ளங்கைக்கு என்ன கேடு என்றாள். பச்சை மருதாணி கையில் ஜில்லென்று படக்கூடாது என்று அரைத்த கிண்ணத்தை வெந்நீரில் வைத்திருந்தாள். நடு உள்ளங்கையில் ஒரு வட்டம், சுற்றிலும் பொட்டுகள். விரல்களை அப்படியே விட்டாள்.

அடுத்து ஹேமா கையை நீட்டினாள். அவளுக்கும் வட்டம், பொட்டுகள். அவ்வளவுதான். தொப்பி எங்கே என்று சிணுங்கினாள். கோமளா தன் கையிலும் வட்டம் மட்டும் வைத்துக்கொண்டு கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள். அவள் மாமியார் ஆஷாடத்தில் மருமகள் விரல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறவர், ஹேமாவுக்கே அது தெரியும்.

"ஒன்ன டாக்டரம்மா பாக்க மாட்டாங்களே அத்தே, நீ வெச்சிக்கலாம் இல்ல?" என்று கேட்டாள்.

"நாம வெச்சிக்கினா ஒங்கம்மா கையி தனியா தெரியும்டி," என்றாள் கோமளா.

ஹேமா கொஞ்ச நேரம் தன் விரல் நுனிகளைப் பார்த்தாள், பிறகு என் கை பக்கத்தில் தன் கையைக் கொண்டுவந்து வைத்தாள். கோமளாவும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வைத்தாள். காலையில் கழுவியபோது மூன்று கையும் ஒரே மாதிரி இருந்தன.